சத்தியம் செய்துகொடுத்துவிட்டேன், இப்போது யாரிடம் சொல்வது?

குடியாத்தம் வட்டத்தில் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர் வகுப்பில் எட்டாவது படிக்கும் பெண்ணுக்கு வயது 13. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால் டாஸ்மாக் வழியாகத்தான் வீடு. தம்பி அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான் என்பதால் தம்பிக்குத் தட்டு உண்டு, அக்காவுக்கு இல்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கைகழுவும் குழாய் அருகே நிற்பாள். அவன் மிச்சம் வைத்தால் தட்டைக் கழுவுகிற சாக்கில் இரண்டு வாய் போட்டுக்கொள்வாள். வீட்டில் அப்பாவைப் பெற்ற பாட்டி பீடி சுற்றுகிறார். பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. கணக்குக் குறையும் நாட்களில் இந்தப் பெண்தான் விடியற்காலையில் எழுந்து சுற்றி முடிக்கிறாள். நோட்டைத் திறந்தாலே புகையிலை வாசனை அடிக்கிறதாம்.

போன மாதம் முழங்கைக்கு மேலே பெல்ட் தழும்பு. கேட்டதற்கு, "கீழ விழுந்துட்டேன் டீச்சர்" என்றிருக்கிறாள். மறுநாள் மதியம் அவளே தனியாக வந்து, அப்பா அடித்ததைச் சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டிருக்கிறாள். ஆசிரியையும் செய்துகொடுத்துவிட்டார். ஆனால் மனசு கேட்காமல், எடுத்து வைத்திருந்த தழும்புப் படத்தைப் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். இதற்கிடையில் இன்னொரு செய்தி: பத்தாவது முடித்ததும் தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மாமனுக்கு 27 வயது.

ஆசிரியை கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் உறுப்பினரும்கூட. "நோட்டு வரும், கையெழுத்துப் போடுவோம், அவ்வளவுதான்" என்கிறார். குழுவுக்குத் தலைவர் ஊராட்சித் தலைவர். அவர் அந்த அப்பாவுக்குப் பங்காளி முறை.

அவர் கேட்டிருப்பவை: ஆதாரம் இல்லாமல் புகார் கொடுக்கலாமா? முதலில் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாமா? புகார் என்று போனால் அக்காவையும் தம்பியையும் ஆளுக்கொரு ஹோமில் போட்டுவிடுவார்களா? என் பெயர் வெளியே வருமா? கடைசியாக, "வாணியம்பாடி பக்கம் அம்மாவைப் பெற்ற ஆயா இருக்கிறார், அவரிடம் அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாதா?"

டீச்சர்,

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சத்தியம். கடிதத்தில் அதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கேள்வியாக எழுதவில்லை. உங்களைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் நீங்கள் கேட்டபோது விழுந்துவிட்டேன் என்றாள். மறுநாள் யாரும் கூப்பிடாமலே வந்து சொன்னாள். அடி நிற்க வேண்டும் என்பதால்தான் வந்திருக்கிறாள். அவள் பயப்படுவது ஊருக்குத் தெரிவதற்கு. ஊருக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்தால் அன்று ராத்திரி என்ன ஆகும் என்பது உங்களையும் என்னையும்விட அவளுக்குத் தெரியும். ஆகவே சத்தியத்தை மீறப்போகிறீர்கள் என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்துச் செய்யாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன் இல்ல, அது நான் அவசரப்பட்டுச் சொன்னது. உனக்கு உதவ வேண்டியவங்களைத் தவிர ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பிள்ளைங்களைப் பார்த்துக்கிறதுக்குன்னே கவர்மென்ட்ல ஆளுங்க இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லப்போறேன். அவங்க வர்றப்போ உன் கூடவே இருப்பேன்." அவ்வளவு போதும். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது", "உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டாங்க" என்றெல்லாம் சேர்த்துவிடாதீர்கள். அவை உங்கள் கையில் இல்லாத விஷயங்கள். ஒருமுறை சொல்லி மாட்டிக்கொண்டது போதும்.

அவள் கோபப்படலாம். நாலு நாள் முகம் கொடுக்காமல் இருக்கலாம். பரவாயில்லை.

ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை

நான் வழக்கறிஞர். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி உத்தரவு போடுகிற குழந்தைகள் நலக் குழுவில் ஒரு தவணை உறுப்பினராகவும் இருந்திருக்கிறேன். வந்த ஆசிரியர்களில் பாதிப்பேர் உங்களைப் போலத்தான், "நிரூபிக்க முடியாவிட்டால் என் மேலேயே திரும்பிவிடுமே" என்று ஆறு மாதம் காத்திருந்துவிட்டு வந்தவர்கள். தகவல் சொல்வதற்குச் சந்தேகமே போதும். விசாரிக்கிற பொறுப்பும் அதிகாரமும் வேறு ஆட்களுடையது. நீங்கள் விசாரணையில் இறங்கினால் நல்லதைவிடக் கெடுதல் அதிகம். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லும். பிறகு "நேற்று ஒன்று, இன்று ஒன்று பேசுகிறது" என்று அதையே எதிராகத் திருப்புவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு நோட்டு வாங்கி எழுதி வைப்பது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், அவள் சொன்ன வார்த்தை அப்படியே. "தந்தையால் தாக்கப்பட்டதாகத் தெரிவித்தார்" என்று காவல் நிலையப் பாணியில் வேண்டாம். "அப்பா பெல்ட்டால அடிச்சாரு" என்றால் அதையே எழுதுங்கள். தழும்பு எந்தக் கையில், எவ்வளவு நீளம். தட்டுக் கழுவும் விஷயத்தையும் எழுதுங்கள். பட்டினிக்கு அதைவிடச் சாட்சி வேறென்ன இருக்கிறது? வருகைப் பதிவேட்டில் எந்தக் கிழமைகளில் வரவில்லை என்று ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். திங்கட்கிழமையாகவே விழுந்தால், சனி, ஞாயிறு வீட்டில் என்ன நடந்தது என்ற கேள்வி தானாக வரும்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் போட்டீர்கள். ஆனால் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி எந்தத் தகவல்தொடர்பிலும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். குழுவில் இருப்பவர்களில் ஒருவர் வீட்டில் காட்டி, அங்கிருந்து தெருவுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? இன்றே எல்லாருக்கும் நீங்கும்படி அழித்துவிடுங்கள். யாராவது சேமித்திருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் போனில் இருக்கும் மூலப் படத்தை மட்டும் வைத்திருந்து, வருகிற அலுவலரிடம் காட்டுங்கள்.

பாலியல் சீண்டல் பற்றி உங்கள் கடிதத்தில் எந்த அறிகுறியும் இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி ஒரு சந்தேகம் எப்போது வந்தாலும் தகவல் சொல்வது உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததல்ல, போக்சோ சட்டப்படி கட்டாயம். சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை தண்டனை. நிறுவனத்துக்குப் பொறுப்பானவர் தன் கீழே இருப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

யாரிடம் சொல்வது

உங்கள் கிராமக் குழுவிடம் இப்போது வேண்டாம். தலைவர் பங்காளி என்றால், நீங்கள் பேசி முடிப்பதற்குள் செய்தி அந்த வீட்டுத் திண்ணைக்குப் போயிருக்கும். குழுவுக்கு வேலை இருக்கிறது, அது பிறகு. புகார் கிராமக் குழு வழியாகத்தான் மேலே போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நேராக அழையுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும், காசு கிடையாது. முன்பு தொண்டு நிறுவனங்கள் நடத்திவந்தன, 2023-லிருந்து அரசே எடுத்து நடத்துகிறது. உங்கள் பெயரைச் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். ஆனால் ஆசிரியை என்று சொல்லி, பெயரை ரகசியமாக வைக்கச் சொன்னால், அடுத்து அவர்களுக்கு ஒரு சந்தேகம் என்றால் கேட்க ஆள் இருக்கும். அங்கிருந்து தகவல் வேலூர் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். அவர்கள் நேரில் பார்த்துவிட்டு, தேவை என்றால் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் அழைத்துப் போவார்கள். அழைத்துப் போவது என்று முடிவானால் 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும். நீங்களே நேரடியாக இந்த நலக் குழுவுக்கு எழுதவும் உரிமை இருக்கிறது. அந்தப் பெண்ணே போய் நின்றாலும் கேட்டாக வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாதம் 20 நாளாவது கூட வேண்டும்.

போன் செய்த பிறகு ஒரு வேலை பாக்கி. இரண்டு பக்கத்தில் மனு எழுதி, பாதுகாப்பு அலகில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அவநம்பிக்கையில் சொல்லவில்லை. ஆள் குறைவான அலுவலகத்தில் தாளாக இருப்பது சீக்கிரம் நகரும், வாயால் சொன்னது மறந்துபோகும். ஒரு வாரம் ஆகியும் யாரும் வரவில்லை என்றால் மறுபடி அழையுங்கள். ராத்திரி அடி விழுகிறது என்று தெரிந்தால் வாரம் எல்லாம் பார்க்க வேண்டாம், அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.

தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அது மரியாதை, பாதுகாப்பும்கூட. அவர் "நமக்கு எதுக்கும்மா வம்பு" என்றால், சரி என்று கேட்டுக்கொண்டு வந்து, நீங்கள் அழைப்பதை அழையுங்கள். இதற்கு அவருடைய அனுமதி தேவையில்லை.

அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினால்?

பேச வேண்டும். ஆனால் முதலில் பேசக் கூடாது, நீங்கள் தனியாகவும் பேசக் கூடாது.

நான் பார்த்த ஒரு வழக்கு. ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஓர் அப்பாவைக் கூப்பிட்டு, இனிமேல் பையனை அடிக்க மாட்டேன் என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினார்கள். எல்லாருக்கும் திருப்தி, டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பையன் பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வர ஆரம்பித்தான். ஒரு மாதம் கழித்துத்தான் ஒருவருக்கு அது உறைத்தது. நாலு பேர் முன்னால் அவமானப்பட்டவன் அதை யார் மேல் இறக்குவான்? அந்தத் தாளில் அடியை நிறுத்த யாருக்கும் எந்த வேலையும் தரப்படவில்லை. அதுதான் கோளாறு.

உங்கள் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கல்யாணப் பேச்சு வெளியே தெரிந்துவிட்டது என்று தெரிந்தால், பத்தாவது முடியட்டும் என்று இருப்பவர்கள் தேதியை முன்னால் இழுப்பார்கள். உங்கள் ஊரிலிருந்து ஆந்திர எல்லை எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் அந்தப் பக்கமும் இதேதான், ஆனால் பிள்ளையைத் தேடிப் பிடிப்பது வேறு கதை.

"முறை மாமன்தானே, பேசித்தான் வைக்கிறார்கள், பத்தாவது முடித்த பிறகுதானே" என்று சமாதானம் போல எழுதியிருக்கிறீர்கள். டீச்சர், பத்தாவது முடிக்கும்போது அவளுக்கு வயது 15. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்கிறது. முறை, வழக்கம், பெற்றோர் சம்மதம் எதுவும் இதில் விலக்கு இல்லை. கட்டிக்கொள்கிற மாமனுக்கும், நடத்திவைக்கிறவர்களுக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். 18 வயதுக்குள் இருக்கும் மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்ச்சியே என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்புச் சொன்னது. தாலி கட்டியது அவனைக் காப்பாற்றாது.

தண்டனையைவிட உங்களுக்குப் பயன்படுவது தடை உத்தரவு. மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். கல்யாணம் ஏற்பாடாகிறது என்று தெரிந்தால் அவர் மாஜிஸ்திரேட்டிடம் போய்த் தடை வாங்கலாம். தடையை மீறிக் கட்டினால் அந்தக் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. மனுவின் ஒரு நகலை அவருக்கும் கொடுங்கள். கூடவே, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவளுடைய பிறந்த தேதி உள்ள பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். வயது பற்றித் தகராறு வந்தால் சட்டம் முதலில் பார்ப்பது பள்ளியின் பிறந்த தேதிச் சான்றைத்தான். ஆதாரைத் தூக்கிக்கொண்டு வந்து 18 என்று காட்டினாலும், பிறந்த தேதிக்கு அது சான்றாகாது. இந்த ஊரிலேயே அந்தப் பெண்ணுக்கான முக்கியமான ஆவணம் உங்கள் பீரோவில் இருக்கிறது.

ஹோம் என்ற பயம்

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. பெற்றோர் பயமுறுத்தவும் இதைத்தான் சொல்கிறார்கள், "வாயைத் திறந்தா ஹோம்ல போட்டுடுவாங்க" என்று. ஆனால் சட்டம் தலைகீழாக இருக்கிறது. குழந்தையை வளர்க்கிற முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியில். இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். நலக் குழு என்ன உத்தரவு போடலாம் என்று பார்த்தால் பட்டியல் நீளமானது: மேற்பார்வையோடு அதே வீட்டில் இருக்கச் செய்யலாம், தகுதியான உறவினர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம், வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கலாம், வளர்க்கிறவருக்கு நிதி ஆதரவு கொடுக்கச் சொல்லலாம். சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய் விசாரித்து 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அதை வைத்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு. அதுவரை வீட்டில் விட்டால் ஆபத்து என்று குழுவுக்குத் தோன்றினால், சில வாரம் இல்லத்தில் வைப்பது நடக்கும்தான். நடக்கவே நடக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். அப்படி வைத்தால் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ள, பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பத்துக் கோப்புக்கு நடுவில் அது யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

சரி, ஆயா வீடு. உங்கள் கடிதத்தில் இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவைப் பெற்ற ஆயா என்றால், அந்தத் தாய்மாமனையும் பெற்றவர் அவர்தானே? மாமன் எங்கே இருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. அதே வீட்டில் என்றால், கல்யாணத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து மணப்பெண்ணைக் கொண்டுபோய் விடுகிற மாதிரி ஆகிவிடும். ஆயா நல்லவராகவே இருக்கலாம். மகன் வீட்டில் சோறு சாப்பிடுகிற கிழவி எவ்வளவு எதிர்த்துப் பேச முடியும்?

மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெரியம்மா திதிக்கு வந்தபோது, "ரெண்டு பேரையும் நான் கூட்டிட்டுப் போகட்டுமா" என்று கேட்டாராம், அப்பா விடவில்லையாம். அவரைப் பற்றி அலுவலரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பொருத்தமானவரா இல்லையா என்று அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்லட்டும். ஒரு சிக்கல் என்னவென்றால், பழைய வட ஆற்காட்டுக்காரர்களான நமக்குக் குடியாத்தமும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ஒரே ஊர் மாதிரி. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், அங்கே தனிப் பாதுகாப்பு அலகு. பெரியம்மா வீட்டை விசாரிப்பதும், பிள்ளைகள் அங்கே போனால் தொடர்ந்து பார்த்துவருவதும் அவர்கள் வேலை. இரண்டு அலுவலகத்துக்கு நடுவே கோப்பு தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

பணம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கேட்டவுடன் வராது, மாவட்டக் குழு ஒப்புக்கொண்ட பிறகுதான். மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் வரும் 2,000 ரூபாயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் உயிரோடு இருந்தால், அவர் பிள்ளைகளைக் கைவிட்டிருக்க வேண்டும், அல்லது சிறை, தீராத நோய், உடல் ஊனம் போன்ற காரணத்தால் வளர்க்க முடியாதவராக இருக்க வேண்டும். குடிக்கிறார் என்பதால் மட்டும் கிடைத்துவிடாது.

அவளை அரசு விடுதியில் சேர்க்கலாம் என்ற உங்கள் யோசனை மோசமில்லை. ஆனால் தம்பி தனியாகிவிடுவான், லீவு விட்டால் அவள் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். தனித் தீர்வாக எனக்கு அது ஒப்பவில்லை.

திட்டத்தில் யார் பெயர் இருக்கிறது

நலக் குழு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்று தயாரிக்கச் சொல்லும். அச்சடித்த படிவம்தான். "குழந்தையைக் கண்காணித்தல்", "தந்தைக்கு ஆலோசனை வழங்குதல்" என்று எழுதியிருந்தால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. யார், எந்த நாள், என்ன செய்வார், நடக்காவிட்டால் யாருக்குச் சொல்வார் என்று இருக்க வேண்டும். தகவல் கொடுத்தவர், வகுப்பாசிரியை என்ற முறையில் உங்களிடமும் கேட்பார்கள். அப்போது இதையெல்லாம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் அந்த வீட்டிலேயே இருக்க நேர்ந்தால் சனிக்கிழமை இரவுதான் ஆபத்தான நேரம். அடுத்த வீட்டிலோ எதிர் வீட்டிலோ நம்பிக்கையான பெண் ஒருவர் இருந்தால், சத்தம் கேட்டதும் இரண்டு பிள்ளைகளும் அங்கே ஓடிவிட வேண்டும், அவர் 112-ஐ அழைக்க வேண்டும். இதை அவரிடமும் பிள்ளைகளிடமும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அவளை நீங்கள் பார்க்கிறீர்கள். வரவில்லை என்றால் அன்று மதியத்துக்குள் பாதுகாப்பு அலகுக்குப் போன். செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

பீடி. வீட்டு வேலைக்கு உதவுவது தப்பா என்று பாட்டி கேட்பார். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று சட்டம் ஒரு விலக்குக் கொடுத்திருப்பது உண்மை. ஆபத்தான தொழில்கள் அதில் சேராது, பீடி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் அடுப்பு எரியாது. முதியோர் உதவித்தொகை வருகிறதா, கண்ணில் புரை என்றால் அறுவை செய்ய முடியுமா என்று பார்ப்பதும் இந்தப் பெண்ணுக்கான திட்டத்தில் சேர்ந்ததுதான். பாட்டிக்குக் கண் தெரிந்தால் பேத்திக்கு விடியற்காலைத் தூக்கம் கிடைக்கும்.

அப்பாவிடம் பேசுகிற வேலை அலுவலருடையது. குடியை விட விருப்பம் காட்டினால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். மனைவி போன பிறகுதான் குடி அதிகமானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் திருந்தலாம். திட்டம் அதை நம்பி இருக்கக் கூடாது.

உங்கள் கிராமக் குழுவுக்கு இப்போது வேலை வருகிறது. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர் இருவரும் எந்த வீட்டுக்குள்ளும் சந்தேகம் இல்லாமல் நுழைகிறவர்கள். தகவல் மேலே போய்ப் பதிவான பிறகு, அலுவலரின் அனுமதியோடு, இந்த இரண்டு பேரிடம் மட்டும் தேவையான அளவு சொல்லுங்கள். தலைவரிடம் எவ்வளவு சொல்வது என்பதை அலுவலர் முடிவு செய்யட்டும். அடுத்த முறை நோட்டு வரும்போது கையெழுத்துக்கு முன்னால், ஊரில் நீண்ட நாள் பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். யாரும் மறுக்க முடியாது.

அக்காவின் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் எந்த அலுவலகத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். சமைப்பவர்களிடமோ தலைமை ஆசிரியரிடமோ பேசி, நாளைக்கே ஏதாவது வழி செய்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் காலாண்டுத் தேர்வு என்று எழுதியிருக்கிறீர்கள். அது முடிந்தால் விடுமுறை. குழாயடியில் நிற்கும் பெண்ணை நீங்கள் பார்க்க மாட்டீர்கள், சத்துணவும் இருக்காது, அப்பாவும் பாட்டியும் பீடித் தட்டும்தான் இருக்கும். அலுவலர் திட்டத்தை வாசித்துக் காட்டும்போது, விடுமுறை நாட்களுக்கு யார் பெயர் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். காலியாக இருந்தால், தேர்வு தொடங்குவதற்கு முன் அதை நிரப்பி வாங்கிவிடுங்கள்.